மாப்பிள்ளையின் தண்ணீர் ஸ்கூட்டர் இப்போது நலம்

வரதராஜன்பேட்டை,
மார்கழி 25

மதிப்பும் பிரியமும் மிக்க மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆண்டவர் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை மலர்கொடியும் சுகம். கோவாவில் நீங்களும், ஏழாம் மாதம் நடக்கிற எங்கள் மகள் கவியாவும், அவள் வயிற்றில் இருக்கிற இன்னும் பெயர் வைக்காத ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று உங்கள் அத்தை தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள். உங்கள் கம்பெனி ஓடாது என்று கழித்துப் போட்டதை நீங்கள் வாங்கி லாரியில் அனுப்பிய தண்ணீர் ஸ்கூட்டரும் இப்போது நலம். 'இப்போது' என்ற வார்த்தையைப் பார்த்துப் பதற வேண்டாம். பதற வேண்டிய கட்டமெல்லாம் தாண்டியாயிற்று.

இதை ஃபோனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஃபோனில் சொன்னால் நீங்கள் வரிக்கு வரி "ஐயோ மாமா" என்று கத்துவீர்கள், நீங்கள் கத்துவதைக் கேட்டுப் பக்கத்தில் இருக்கிற கவியா பயப்படுவாள், அவள் பயந்தால் இங்கே உங்கள் அத்தை என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொள்வாள், அதற்கப்புறம் பேச்சு முருங்கைக்கீரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் போய்விடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடைசி வரைக்கும் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். கத்துவதாக இருந்தால் கடற்கரைப் பக்கம் போய்க் கத்திவிட்டு வந்து படிக்கவும்.

முதலில் வண்டி வந்து சேர்ந்த விதம். வெங்காய லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய பெரம்பலூர் லாரியில் அதை ஏற்றிவிட்டு, டிரைவரிடம் நீங்கள் "சிறுவாச்சூர்ல இறக்கிடுங்க, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லியிருக்கிறீர்கள். டிரைவர் பக்திமான். நேராகக் கோயில் பக்கத்து மரத்தடியில் இறக்கி வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் தகவல் இல்லாமல் நானே அவருக்கு ஃபோன் போட்டால், "ஆண்டவர் பார்த்துக்குவார்னு சொன்னாங்க சார், விட்டுட்டு வந்துட்டேன்" என்கிறார். "யோவ், அந்த ஆண்டவர் நான்தான்யா" என்றேன். நான் டாட்டா ஏஸ் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்திருந்தது. ஹேண்டில்பாரில் மூன்று எலுமிச்சம்பழம், மூக்கு நிறையக் குங்குமம், சீட்டின் மேல் ஒரு சூடம் ஏற்றிய தடம். ஒரு அம்மா என்னிடம் வந்து, "இது எந்தச் சாமிக்கு வாகனம்ங்க?" என்று கேட்டாள். "எங்க மாப்பிள்ளைக்குங்க" என்றேன். அவள் என்னையும் ஒரு தரம் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அங்கேதான் மஞ்சு மேடத்தைப் பார்த்தேன். சிறுவாச்சூர் தாண்டி ஹைவே ஓரத்தில் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டுகிறார்கள், குளம் வெட்டி, படகு விட்டு, குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் இறங்கி விளையாடிவிட்டுப் போகிற மாதிரி. மஞ்சு மேடம் அதற்கு மேனேஜர். முப்பது வயசுதான் இருக்கும், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நாங்கள் நாலு பேர் வண்டியை டாட்டா ஏஸில் ஏற்ற முக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"இது ஜெட் ஸ்கீதானே சார்? ஓடுமா?"

"ஓடும்" என்றேன். எனக்கு அது எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே அப்போதுதான் தெரிந்திருந்தது.

"எங்க குளத்துக்கு ஒண்ணு தேடிக்கிட்டிருக்கோம். இதை ஓட்டத் தெரிஞ்ச இன்சார்ஜும் ஒருத்தர் வேணும். எப்ப காட்டுறீங்க?"

"மூணு வாரத்துல" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, சொல்லும்போது என் கண் முன்னால் என்ன நின்றது தெரியுமா? நீங்கள் சிறுவாச்சூரில் வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறீர்கள், வாசலில் கவியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆறு வருஷமாக அந்தக் கடலில் வெள்ளைக்காரனுக்கும் வடக்கத்தியானுக்கும் இந்த மாதிரி வண்டியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பிரசவத்துக்குக் கவியா இங்கே வந்தால் நீங்கள் அங்கே தனியாக. குழந்தை பிறந்ததையே வீடியோவில்தான் பார்க்க வேண்டும். அதை நினைத்துத்தான் வாயைக் கொடுத்தேன்.

"நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க மாமா" என்று நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒரு முழு நாள் தொடவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். முப்பத்தோரு வருஷமாக டூ ஸ்ட்ரோக் இன்ஜினைத் தவிர வேறு எதையும் நான் கையால் தொட்டதில்லை. பழைய பைக் ஓடிய காலத்தில் பைக், இப்போது பருத்திக் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர். தரையில் ஓடினால் என்ன, தண்ணீரில் ஓடினால் என்ன, பிஸ்டன் பிஸ்டன்தானே? இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் வண்டி. மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே நம்ம பழைய சினேகிதன் மாதிரி இரண்டு சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. உப்பு மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஒவ்வொரு போல்ட்டும் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஊறவைத்துக் கழற்றினேன். பெட்ரோல் ட்யூபுகளுக்குள் பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று அடைத்திருந்தது, அத்தனையும் உருவிப் போட்டுப் புதுசு மாற்றினேன். கார்புரேட்டரைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பிரேயரில் இருக்கிற அதே ரப்பர் சவ்வு போட்ட கார்புரேட்டர், அண்ணன் தம்பி மாதிரி, இது கொஞ்சம் பெரிசு. கண்ணை மூடிக்கொண்டு பூட்டினேன். இது வரைக்கும் உங்கள் மாமனார் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

புது பேட்டரி போட்டு பட்டனை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை. ஒயரெல்லாம் பிரித்தேன். ரிலேயைக் கழற்றி மாட்டினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றித் தனியாகச் சுற்ற வைத்தால் பம்பரமாகச் சுற்றுகிறது, வண்டியில் மாட்டினால் ஊமை. மூன்று நாள். நாலாம் நாள் காலையில் உங்கள் அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்த்தாள். அவள் கையில் வீட்டுச் சாவி. சாவி ஒரு சிவப்புச் சுருள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வண்டியோடு வந்த கயிறு, கலர் நன்றாக இருக்கிறது என்று அவள் எடுத்துச் சாவி கோத்திருந்தாள்.

"ஏங்க, இந்தக் கயித்து முனையில ஒரு கவ்வி இருக்குல்ல, அது அந்தச் சிவப்பு பட்டனுக்கு அடியில பொருந்துற மாதிரி இருக்கே?"

"அதெல்லாம் அலங்காரத்துக்குக் குடுக்குறது. நீ போய் வேலையைப் பாரு."

அவள் பேசாமல் கவ்வியைப் பட்டனுக்கு அடியில் சொருகி, அவளே ஸ்டார்ட்டரை அமுக்கினாள். வண்டி உறுமியது. ஆள் தண்ணியில் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்பதற்குக் கையில் கட்டிக்கொள்கிற கயிறாமே அது? இதை நீங்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கலாம். எழுதித்தான் ஒட்டியிருந்தீர்களாம், குங்குமத்துக்கு அடியில் இருந்தது, பிறகு துடைக்கும்போது பார்த்தேன்.

வண்டி உறுமியதும் வந்த புகையைப் பற்றி ஊரில் யாராவது உங்களுக்கு ஃபோன் செய்து பெரிதுபடுத்திச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். ஸ்பிரேயர் பழக்கத்தில் நான் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றியிருந்தேன். அந்த வண்டிக்கோ தனியாக ஆயில் டாங்க்கு, அதுவும் தன் பங்குக்கு ஆயிலைக் கலந்திருக்கிறது. இரட்டைக் கவனிப்பு. தெருவே வெள்ளையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கலியம்மாள், "கொசு மருந்து வந்துடுச்சு, சோத்தை மூடுங்கடி" என்று குரல் கொடுக்க, தெருக்கோடி வரைக்கும் கதவு சாத்துகிற சத்தம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு வாரம் எங்கள் தெருவில் கொசுவே இல்லை. அதற்கப்புறம் அந்த ஆயில் பம்பை அடைத்துவிட்டு, நாற்பதுக்கு ஒன்று என்று நானே கலந்து ஊற்றுகிறேன். பழைய பம்பை நம்பி இன்ஜினை விட முடியாது. இந்த விஷயத்தில் உங்கள் கம்பெனி மெக்கானிக் என்ன சொன்னாலும் நான் சொல்வதுதான் சரி.

தண்ணீரில் ஓடுகிற இன்ஜினைத் தண்ணீர் இல்லாமல் ரொம்ப நேரம் ஓட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால் மறுநாள் வீட்டு மோட்டாரிலிருந்து ஓஸ் மாட்டி, முதலில் குழாயைத் திறந்துவிட்டு, பிறகு உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, நிதானமாக பட்டனை அமுக்கினேன். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் ஓடாதபோது குழாயைத் திறந்தால் தண்ணீர் சைலன்சர் வழியாகத் திரும்பி சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அந்த 'டொக்'தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்ற வைத்தேன். உள்ளே இருந்த தண்ணீர் ஆயிலோடு சேர்ந்து இரண்டு துவாரம் வழியாகப் பீறிட்டு மதில் சுவரைத் தாண்டிப் போயிற்று. மதிலுக்கு அந்தப் பக்கம் கலியம்மாள், தன் பேத்தி காதுகுத்துக்கு எடுத்த பட்டுப்பாவாடைத் துணிகளை நிழலில் காயப்போட்டிருந்தாள். அவள் பேசியதை எழுத இந்தத் தாள் போதாது, மரியாதையும் இல்லை. உங்கள் அத்தைதான் போய்த் துவைத்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள். வந்தவள் சாக்பீஸ் எடுத்து பட்டறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தாள்: 'முதல்ல இன்ஜின், அப்புறம் தண்ணி. நிறுத்தும்போது முதல்ல தண்ணி, அப்புறம் இன்ஜின்.' ஃபோனில் பார்த்தாளாம். ராத்திரி பகல் பாராமல் சீரியல் பார்க்கிறாள் என்றுதான் நான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், இந்த வண்டியைப் பிரித்து மாட்டுகிற வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இனி ஏரி. இந்த வருஷ மழையில் ஏரி கரை தொட்டு நிற்கிறது. மீன் குத்தகை வேல்முருகன் கையில். அவன் லாரி ட்யூபில் உட்கார்ந்து வலை போடுகிறவன், எனக்குத் தம்பி முறை. "மீனெல்லாம் மிரண்டு பக்கத்து ஊருக்குப் போயிடும்ணே" என்று இழுத்தான். "மீன் ஏரியை விட்டு எங்கடா போகும், பஸ்ஸுலயா?" என்று கேட்டு ஒத்துக்கொள்ள வைத்தேன். கரையில் நூறு பேர் கூடிவிட்டார்கள். நான் உயிர்காப்பு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். அருமையாகப் போயிற்று, மாப்பிள்ளை. ஐம்பதடி தூரம். அப்புறம் பின்பக்கம் கொஞ்சம் கனத்தது. பிறகு நன்றாகவே கனத்தது. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. கரையிலிருந்து வேல்முருகன், "அண்ணே, பின்னாடி ரெண்டு ஓட்டை பார்த்தேனே, மூடி போட்டீங்களா?" என்று கத்தினான். அடியில் தண்ணீர் வடிப்பதற்கு இருக்கிற அந்த இரண்டு திருகு மூடியும் பத்திரமாக என் சட்டைப் பையில் இருந்தது. முந்தின நாள் வடித்தபோது தொலைந்துவிடக் கூடாது என்று எடுத்து வைத்தது. ஆழம் மார்பளவுதான், நான் நடந்தே கரைக்கு வந்துவிட்டேன். வண்டியை டிராக்டர் கட்டி இழுத்தோம்.

இந்த இடத்தில் நீங்கள் கத்தியிருப்பீர்கள். கத்தி முடித்ததும் மேலே படியுங்கள். இன்ஜின் முங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூட வீணாக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வெள்ளத்தில் முங்கிய பைக் எத்தனை பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையிலேயே சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, கார்புரேட்டரைக் காலி செய்து துடைத்து, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, சுற்றி, மறுபடி விட்டு, மறுபடி சுற்றி, புது பெட்ரோல் ஊற்றி, இரண்டே மணி நேரத்தில் அந்த நூறு பேர் முன்னால் கிளப்பிக் காட்டினேன். கை தட்டினார்கள். சும்மா சொல்லவில்லை, கலியம்மாளும் தட்டினாள். முங்கிப் போன இன்ஜினை உயிரோடு எழுப்புகிற மெக்கானிக் இந்த ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

அந்தக் கைதட்டல்தான் கெடுத்தது. மறுநாள் மூடியை இரண்டு தரம் திருகிவிட்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று கிளம்பினேன். கிழக்குக் கரைப் பக்கம் காட்டாமணக்குப் புதர், அதற்கு முன்னால் வேல்முருகன் வலை கட்டியிருக்கிறான். வலையைப் பார்த்ததும் பைக்கில் செய்கிற மாதிரி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலைத் திருப்பினேன். ஹேண்டில் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் தண்ணீரை உந்துகிற வேகம் போய்விடும், அது போனால் ஹேண்டில் வெறும் அலங்காரம், திருப்ப வேண்டுமானால் முறுக்க வேண்டும் என்பதை மனிதப் புத்திக்கு எதிராக எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! பிரேக்கும் கிடையாது. நேராகப் போய் வலைக்குள் புகுந்தேன். வலைக்கயிறு அடியில் சுழல்கிற விசிறியில் சுற்றிக்கொண்டது, வண்டி மூக்குக் குத்தி ஒரு குலுக்குக் குலுக்கியது, நான் பறந்துபோய்க் காட்டாமணக்குக்கு இந்தப் பக்கம் விழுந்தேன். அங்கே இரண்டாள் ஆழம்.

மாப்பிள்ளை, உங்களுக்கும் தெரியாத விஷயம் ஒன்று. எனக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட் மிதக்க வைத்தது, சரி. ஆனால் கால் எதையும் தொடாமல் தொங்கும்போது மனசு ஜாக்கெட்டை நம்ப மாட்டேன் என்கிறது. நான் சத்தம் போடவில்லை. சத்தம் வரவில்லை என்பதுதான் உண்மை. கவியாவுக்குப் பிரசவம் ஆகிறபோது நான் இருக்க மாட்டேன் போலிருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. கரையில் எல்லாரும் நான் வேண்டுமென்றே மிதக்கிறேன் என்று வேடிக்கை பார்த்தார்கள். உங்கள் அத்தைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அவள் பிறந்தது ஏலாக்குறிச்சிப் பக்கம். கொள்ளிடத்தில் குளித்து வளர்ந்தவள். அது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும், ஆனால் அவள் நீந்தி நான் பார்த்ததே இல்லை, பார்க்கிற மாதிரி நான் எங்கேயும் கூட்டிப் போனதும் இல்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். வேல்முருகன் ட்யூபைத் தள்ளுவதற்குள் பாதி ஏரி தாண்டி வந்துவிட்டாள். என் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் சொன்னாள்:

"காலை ஒதைக்காதீங்க. சும்மா கெடங்க. நான் இருக்கேன்ல."

சும்மா கிடந்தேன். அவள் என்னை ட்யூபில் மாட்டிவிட்டு, வேல்முருகன் இடுப்பில் இருந்த கத்தியை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் முங்கினாள். முங்கி முங்கி எழுந்து, விசிறியில் சுற்றியிருந்த கயிற்றை அறுத்து அறுத்து எறிந்தாள். "என் வலை, அண்ணி" என்று வேல்முருகன் அழுதான். "ஒங்கண்ணனை விட வலை பெருசா?" என்றாள். அவன் யோசித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. பிறகு வண்டி மேல் ஏறி, கவ்வியைச் சொருகி, கிளப்பி, "ஏறுங்க பின்னாடி" என்றாள்.

பைக்கில் இத்தனை வருஷமும் அவள் பின்னால் உட்கார்ந்து "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று என் முதுகில் குத்தியிருக்கிறாள். அன்றைக்கு நான் பின்னால். அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நூறு பேர் பார்க்கிறார்கள், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வலைக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் ஆக்சிலேட்டரை முறுக்கி, அழகாக வளைத்துத் திருப்பினாள். என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "மெதுவா போடி." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அதற்கப்புறம் பத்து நாள் தினமும் காலையில் அவள்தான் ஏரியில் ஓட்டினாள். நான் கரையில் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கார்புரேட்டர் திருகாணியைச் சரி செய்தேன். ஓட்டுவதற்கு ஆள் யாராக இருந்தால் என்ன, வேலை என்னுடையது.

நேற்று சிறுவாச்சூரில் மஞ்சு மேடத்துக்குக் காட்டுகிற நாள். டாட்டா ஏஸில் வண்டி, கூடவே வேல்முருகனும் அவன் ட்யூபும். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜாக்கெட்டை மாட்டினேன். மஞ்சு மேடம், "நீங்கதான் ஓட்டப் போறீங்களா சார்? நீச்சல் தெரியும்ல? தெரிஞ்சவங்கதான் ஏறணும், அது இங்க சட்டம்" என்றார்.

"மெக்கானிக்குக்கு எதுக்கும்மா நீச்சல்? வண்டி நிக்கிற மாதிரியா வேலை பார்த்திருக்கேன்?"

"அவருக்குத் தெரியாதுங்க" என்று உங்கள் அத்தை போட்டுக் கொடுத்துவிட்டாள். "கயித்த இப்படிக் குடுங்க."

கவியாவின் காலேஜ் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். டாட்டா ஏஸில் ஏறும்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தாள், கிளப்பினாள், குளத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள், வேல்முருகன் ட்யூபை நடுவில் மிதக்கவிட்டு அதை எட்டுப் போட்டு வளைத்தாள், தூரத்திலேயே ஆக்சிலேட்டரை விட்டு, இன்ஜினை நிறுத்தி, மிதந்து வந்து கரையைப் பூ மாதிரி தொட்டாள். ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. வண்டியைச் சொல்கிறேன். மஞ்சு மேடம் கை தட்டிவிட்டு, "மெஷின் எங்களுக்குப் பிடிச்சிருக்கு சார். உங்க மாப்பிள்ளை எப்ப வர்றாரு?" என்று கேட்டார். இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆகவே, நீங்கள் தாமதிக்காமல் அங்கே வேலையை விட்டுவிடுங்கள். முதலாளியிடம் முறையாகச் சொல்லிவிட்டு, தை பிறந்ததும் கவியாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் கீழ் பெர்த்தாகப் பார்த்துப் புறப்பட்டு வாருங்கள். வளைகாப்பும் உங்கள் வேலையும் ஒரே வாரத்தில் நடக்கட்டும். சிறுவாச்சூர் குளத்துக்கு நீங்கள்தான் இன்சார்ஜ். இதில் இனி மாற்றம் இல்லை, நான் பொறுப்பு.

கவியாவைக் கனமான எதையும் தூக்க விட வேண்டாம். உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் இருவரும், வரப்போகிற சின்ன ஆளும், எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நல்லாயிருக்க வேண்டும்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்
மாமனார்,
சி. ஆண்டவர்
டூ ஸ்ட்ரோக் ஸ்பெஷலிஸ்ட்

பின்குறிப்பு: கவரை ஒட்டி, தபால் ஆபீசுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும்போது மஞ்சு மேடத்திடமிருந்து ஃபோன் வந்தது. கவரைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே வேலையை விடச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதை இப்போதைக்கு விட வேண்டாம். குடும்பமாக வருகிற பெண்கள் இதில் ஏறப் பயப்படுகிறார்களாம், ஓட்டிக் காட்டி உட்கார வைத்துப் பழக்க அம்மா மாதிரி ஒருவர்தான் வேண்டுமாம், அதனால் இன்சார்ஜாக உங்கள் அத்தையைப் போட்டுவிட்டார்கள். "எங்க மாப்பிள்ளைக்காகத்தானேம்மா இவ்வளவும் பண்ணினோம்?" என்று கேட்டேன். "அவரும் வரட்டும் சார், இன்னொரு ஆளும் தேவைதான். ஆனா யாரைச் சேர்க்கிறதுங்கிறதை இனிமே இன்சார்ஜ்தான் முடிவு பண்ணுவாங்க" என்றார். இன்சார்ஜிடம் கேட்டேன். உங்களைப் பற்றி ஒரு பயோடேட்டா அனுப்பச் சொன்னார்கள், போட்டோவோடு. "பொண்ணு பார்க்க வந்தப்ப மாப்பிள்ளை குடுத்த பயோடேட்டா பீரோவுல இருக்கே, அது போதாதா?" என்றேன்.

"அது பொண்ணு குடுக்குறதுக்குங்க" என்றார்கள். "இது மெஷினு குடுக்குறது. நல்லா விசாரிக்கணும்."